சோழர் இல்லாத உலக வரலாற்றை வாங்கலாமா?

பொள்ளாச்சிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு தாய் ஆறு பக்கங்களில் கடிதம் எழுதியிருக்கிறார். மகளுக்கு 13 வயது, மகனுக்கு 11. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இருவரையும் பள்ளியிலிருந்து நிறுத்தி, வீட்டிலேயே படிக்க வைக்கிறார். கணிதமும் அறிவியலும் ஒரு வழிக்கு வந்துவிட்டன. வரலாறுதான் மனதில் நிற்கவில்லை. தெரிந்தவர் ஒருவரிடம் இரவல் வாங்கிய உலக வரலாற்றுக் கலைக்களஞ்சியத்தை முதல் பக்கத்திலிருந்து தினம் இரண்டு பக்கம் என்று தொடங்கியிருக்கிறார்கள். மெசப்பொட்டேமியா வருவதற்குள் மகன் படங்களை மட்டும் பார்க்க ஆரம்பித்துவிட்டான், மகள் கொட்டாவி விட ஆரம்பித்துவிட்டாள்.

ஜூலையில் கோவை புத்தகத் திருவிழாவுக்குப் போய், ஒரே அரங்கில் முக்கால் மணி நேரம் நின்று இரண்டு கனத்த ஆங்கிலக் கலைக்களஞ்சியங்களை மாறி மாறிப் புரட்டிவிட்டு, எதையும் வாங்காமல் திரும்பியிருக்கிறார். ஒன்று காலவரிசைப்படி அமைந்தது. மற்றது எகிப்து, கிரேக்கம், ரோம் என்று நாகரிகம் நாகரிகமாகச் செல்வது. சிகாகோவில் இருக்கும் நாத்தனார், அங்கே வீட்டில் படிக்கும் பிள்ளைகளிடையே மிகவும் புழங்கும் நான்கு தொகுதிக் கதைநூலை வாங்கச் சொல்கிறார். ஓய்வுபெற்ற தமிழாசிரியரான மாமனார், அரசுப் பாடநூலே போதும் என்கிறார். கையில் இருப்பது 3,500 ரூபாய். "நான் பி.காம். படித்தவள். தப்பான புத்தகத்தை வாங்கிவிட்டால் அது தப்பு என்று கண்டுபிடிக்கக்கூட எனக்குத் தெரியாது" என்று எழுதுகிறார். வீட்டுவழிக் கல்விக்குச் சட்டப்படி அனுமதி இருக்கிறது என்று எழுதினாலும், போலீஸ் வரும் என்று உறவினர் ஒருவர் பயமுறுத்தியதால், பள்ளிக்கு அனுப்பாதது குற்றமா என்ற கவலையும் இருக்கிறது. பஸ்ஸில் திரும்பும்போது மகன் கேட்டானாம்: "அம்மா, அந்தப் பெரிய புத்தகத்தில் சோழர்களைத் தேடினேன். ஏன் இல்லை?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகனின் கேள்வி அருமையானது. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் உங்கள் பயத்தைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க விடாமல் உங்கள் கையைப் பிடித்து நிறுத்தியது அதுதான்.

நான் மேல்நிலைப் பள்ளியில் 27 ஆண்டுகள் வரலாறு நடத்தியவன். தவறோ சாய்வோ இல்லாத உலக வரலாற்று நூல் ஒன்றை இன்றுவரை பார்த்ததில்லை. ஐயாயிரம் ஆண்டுகளை நானூறு பக்கங்களில் அடக்க வேண்டுமானால், எதை விடுவது என்று யாரோ ஒருவர் முடிவெடுத்தாக வேண்டும். லண்டனில் இருந்து முடிவெடுப்பவருக்கு டியூடர் மன்னர்கள் ஆறு பக்கத்துக்கு உரியவர்களாகத் தெரிவார்கள், விஜயநகரம் ஒரு பத்திக்கு உரியதாகத் தெரியும். இதில் சதி எதுவும் இல்லை. அவர் நிற்கும் இடம் அது, அவ்வளவுதான். எர்ன்ஸ்ட் கோம்பிரிச் என்ற அறிஞர் 1935-இல் வியன்னாவில், ஆறே வாரங்களில், சிறுவர்களுக்காக ஓர் உலக வரலாறு எழுதினார். முதலாம் உலகப்போரின் முடிவைப் பற்றித் தான் அதில் எழுதியது சரியல்ல என்று பல பத்தாண்டுகள் கழித்துச் சேர்த்த கடைசி அதிகாரத்தில் அவரே ஒப்புக்கொண்டார். தன் தவறைத் தானே சொல்லும் அந்த அதிகாரத்துக்காகவே நான் அந்த நூலைப் பிள்ளைகளிடம் கொடுப்பேன். எனவே, பிழையில்லாத புத்தகத்தைத் தேட வேண்டாம். உங்கள் பிள்ளைகள் கேள்வி கேட்க வசதியான புத்தகத்தைத் தேடுங்கள். அதற்கு வரலாற்றுப் பட்டம் தேவையில்லை.

குறிப்புதவி நூல் வேறு, கதைநூல் வேறு

உங்கள் கடிதத்தில் ஒரு குழப்பம் இருக்கிறது. கலைக்களஞ்சியங்கள் இரண்டையும் நாத்தனார் சொன்ன நான்கு தொகுதிகளையும் ஒரே தராசில் வைத்திருக்கிறீர்கள். கலைக்களஞ்சியம் அகராதியைப் போன்றது. தேவைப்படும்போது திறந்து, தேடியதைக் கண்டுபிடித்து, பக்கத்தில் கண்ணில் பட்ட இன்னொன்றையும் பார்த்துவிட்டு மூடுவதற்கானது. அதைத் தினம் இரண்டு பக்கம் என்று வரிசையாக வாசித்தால் யாருக்கும் கொட்டாவி வரும். உங்கள் மகள் மேலும் தப்பில்லை, அந்தப் புத்தகத்தின் மேலும் தப்பில்லை.

முன்னும் பின்னும் தொடர்பறாமல் இழுத்துச் செல்வது கதை. வீட்டில் ஒரு கதைநூலும் ஒரு குறிப்புதவி நூலும் இருக்க வேண்டும். கதையில் ஒரு பெயர் வரும்போது எழுந்து போய்த் தேட மற்றது உதவும்.

மகளுக்கு நான் தயங்காமல் சொல்வது நேருவின் உலக வரலாற்றுக் கடிதங்கள். 1930 அக்டோபர் 26 அன்று நைனி சிறையிலிருந்து, மகள் இந்திராவின் பதின்மூன்றாம் பிறந்தநாளுக்காக எழுதிய கடிதத்தோடு அந்த நூல் தொடங்குகிறது. உங்கள் மகளுக்கும் அதே வயது. 1933 ஆகஸ்டு வரை எழுதிய 196 கடிதங்கள், நல்ல நூலகம் எதுவும் கைக்கெட்டாத சிறைகளில், குறிப்பேடுகளை நம்பி எழுதப்பட்டவை. சீனாவும் பாரசீகமும் தென்கிழக்கு ஆசியாவும் அதில் ஓரமாக ஒதுக்கப்படவில்லை. தமிழிலும் வந்திருக்கிறது. பல செய்திகள் இன்றைய ஆய்வுக்குப் பழையவைதான், அதற்குத்தான் பக்கத்தில் குறிப்புதவி நூல். முழுவதையும் படிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். வாரம் இரண்டு கடிதம் போதும்.

மகனுக்கு நேரு இப்போது கனமாக இருக்கும். கோம்பிரிச்சின் சிறிய அதிகாரங்கள் அவனுக்குப் பொருந்தும், நீங்கள் உரக்க வாசித்தால் இன்னும் நன்றாக இருக்கும். ஐரோப்பாவைச் சுற்றியே சுழலும் நூல் அது என்பதை முதலிலேயே அவனிடம் சொல்லிவிடுங்கள்.

நாத்தனார் சொல்லும் தொகுதிகள் மோசமானவை அல்ல. ஆனால் முதல் தொகுதி சிறு வகுப்புக் குழந்தைகளுக்காக எழுதப்பட்டது. உங்கள் மகள் நான்கு பக்கம் படித்ததும் தன்னைக் குழந்தையாக நடத்துகிறார்கள் என்று மூடி வைத்துவிடுவாள். இன்னொன்றும் உண்டு. அந்தத் தொகுதியில் ஆபிரகாம், மோசே கதைகள் எகிப்திய மன்னர்களின் வரலாற்றோடு சேர்ந்து ஒரே குரலில் வருகின்றன. வேதநூல் சொல்வது எது, அகழாய்வு காட்டுவது எது என்று பிரித்துச் சொல்லும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். நாத்தனார் வீட்டுப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு என்ன வயது என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

வாங்குமுன் கடைசிப் பக்கங்களைத் திறங்கள்

புத்தகக் கடையில் எல்லோரும் முன்னட்டையையும் நடுவில் இருக்கும் பிரமிடு படத்தையும் பார்ப்பார்கள். நீங்கள் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். அகரவரிசைப் பொருளடைவு அங்கேதான் இருக்கும். அது இரண்டே பக்கமாக இருந்தால் புத்தகத்தை வைத்துவிடலாம். அது படம் பார்க்கும் புத்தகம், தேடும் புத்தகம் அல்ல. ஏழெட்டுப் பக்கம் நெருக்கமாக அச்சிட்டிருந்தால் உட்கார்ந்து கீழே உள்ளவற்றைத் தேடுங்கள்.

முதலில் ஹெய்ட்டி. அடிமைகளாக இருந்த மக்கள் 1791-இல் கிளர்ந்தெழுந்து, 1804-இல் சொந்த நாட்டையே அமைத்த இடம். பிரெஞ்சுப் புரட்சிக்கு எட்டுப் பக்கம் கொடுத்துவிட்டு இதற்கு ஒரு வரிகூடக் கொடுக்காத நூல், சுதந்திரம் யாருக்கு என்ற கேள்வியைக் கேட்காத நூல். அடுத்து ஆப்பிரிக்காவின் மாலிப் பேரரசு. 1324-இல் பெரும் பொன்னோடு மெக்காவுக்குப் பயணம் போன மன்சா மூசா இருக்கிறாரா? மூன்றாவதாக, 1943 வங்கப் பஞ்சம். ஏறத்தாழ முப்பது லட்சம் பேர் இறந்த அந்தப் பஞ்சம் இரண்டாம் உலகப்போர்ப் பக்கங்களில் வருகிறதா?

பிறகு தொழிற்புரட்சிப் பக்கத்துக்குப் போங்கள். ஜேம்ஸ் வாட்டும் நீராவி எந்திரமும் கட்டாயம் இருக்கும். இந்தியத் துணி தங்கள் நெசவாளர்களை முடக்குகிறது என்று 1700-லும் 1721-லும் பிரிட்டன் தடைச் சட்டங்கள் போட்டது பற்றி ஒரு சொல்லாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், எழுதியவர் இயந்திரத்தை மட்டும் பார்க்காமல் சந்தையையும் பார்த்தவர்.

வரைபடத்துக்கு ஒரு சின்னச் சோதனை. ஆப்பிரிக்காவில் தெற்கு சூடான் தனி நாடாகக் காட்டப்பட்டிருக்கிறதா? அது 2011 ஜூலையில் விடுதலை பெற்றது. இல்லையென்றால் புத்தகம் அதற்கு முந்தைய பதிப்பு. அதற்காக வாங்காமல் விட வேண்டியதில்லை, விலையைக் குறைத்துக் கேட்கலாம். பண்டைய எகிப்து அதற்குள் மாறிவிடவில்லை. இதே காரணத்தால் கோவை உக்கடத்தின் பழைய புத்தகக் கடைகளையும் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். இறக்குமதி நூல்களில் இந்திய எல்லை நாம் ஏற்காத விதத்தில் வரையப்பட்டிருக்கலாம். மகள் அதைக் கண்டுபிடித்துக் கேட்டால் எல்லை என்பது என்ன என்று பேச அது நல்ல வாய்ப்பு.

காலவரிசை நூலா, நாகரிக வாரியான நூலா என்று கேட்டீர்கள். என் தேர்வு காலவரிசை. எகிப்தைத் தனியாகவும் சிந்துவெளியைத் தனியாகவும் படித்த மாணவர்களிடம், இரண்டும் ஒரே காலத்தில் இருந்தன என்று சொன்னபோது அவர்கள் முகத்தில் வந்த வியப்பை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். அந்த வியப்பு பதினேழு வயதில் வர வேண்டியதல்ல. ஆனால் ஒரு நிபந்தனை: அதே காலத்தில் மற்ற கண்டங்களில் என்ன நடந்தது என்று பக்கத்தின் ஓரத்திலாவது காட்டும் நூலாக இருக்கட்டும்.

தமிழா, ஆங்கிலமா?

இரண்டும் வேண்டும், இரண்டாவதற்குச் செலவே இல்லை. உங்கள் மாமனார் சொல்வதில் பாதி சரி. தமிழ்நாடு அரசின் ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல் நூலில் மனித இனத்தின் தொடக்கம், பண்டைய நாகரிகங்கள், புரட்சிகளின் காலம், தொழிற்புரட்சி, ஆசிய ஆப்பிரிக்க நாடுகளில் காலனியாதிக்கம் என்று நல்ல பாடங்கள் இருக்கின்றன. பத்தாம் வகுப்பு நூல் முதல் உலகப்போரோடு தொடங்குகிறது. எல்லாவற்றையும் இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கலைச்சொற்களுக்காகவே அவற்றை வைத்துக்கொள்ளுங்கள். 'நிலப்பிரபுத்துவம்', 'மறுமலர்ச்சி', 'ஏகாதிபத்தியம்' என்ற சொற்கள் தமிழில் வாயில் வராத பிள்ளைக்கு அந்தக் கருத்துகள் ஆங்கிலப் பக்கத்திலேயே தங்கிவிடும். கி.மு. என்றும் பொ.ஆ.மு. (பொது ஆண்டுக்கு முன்) என்றும் இரண்டு வழக்குகளையும் பார்த்துக் குழம்பக்கூடும். இரண்டும் ஒரே கணக்குதான் என்று ஒரு நாள் சொல்லிவிடுங்கள்.

மாமனார் சொல்வதில் ஒத்துக்கொள்ள முடியாத பாதி எது என்றால், பாடநூல் தேர்வுக்கான அளவில் வெட்டப்பட்டது. கிளைபிரிந்து தேட அதில் இடம் குறைவு. அவருக்கு இன்னொரு நூலைக் காட்டுங்கள், மகிழ்ந்துபோவார். பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட 'குழந்தைகள் கலைக்களஞ்சியம்'. தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் படிக்கக் கிடைக்கிறது. அதில் சோவியத் ஒன்றியம் இன்னும் உயிரோடு இருக்கும், ஏனென்றால் அது கலைந்தது 1991-இல். அந்தப் பக்கத்தையும் புதிய புத்தகத்தின் பக்கத்தையும் அருகருகே வைத்து, "இடையில் என்ன நடந்தது?" என்று மகளிடம் கேளுங்கள். ஒரு வாரத்துக்கான பாடம் அங்கேயே இருக்கிறது.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஓர் எச்சரிக்கை. வெளிநாட்டுப் புத்தகத்தில் நாம் இல்லையே என்ற வருத்தத்தில், குமரிக்கண்டத்தை வரைபடம் போட்டு நிறுவப்பட்ட வரலாறாகத் தரும் நூல்களைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள். நமக்கு அந்தக் கற்பனை தேவையே இல்லை. கோவைக்குப் பக்கத்து வெள்ளலூரில் மண்ணுக்குள்ளிருந்து அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து ரோமானிய வெள்ளிக் காசுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. இந்தியாவுக்கு ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணம் போய்விடுகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பி எழுதியிருக்கிறார். ரோம் அத்தியாயத்தைத் திறக்கும் நாளில் பிள்ளைகளை வெள்ளலூருக்கு அழைத்துப் போங்கள். உங்கள் ஊரிலிருந்து காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

போர், அடிமை வணிகம், யூத இனப்படுகொலை இவற்றைப் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பக்கங்களை ஒட்டி மறைக்க வேண்டாம். ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ஆப்பிரிக்கர்கள் கப்பலேற்றப்பட்டதையும் அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டதையும் மறைத்துவிட்டுச் சொல்வது வரலாறு ஆகாது. ஆனால் மகன் அந்தப் படங்களை முதன்முதலாகத் தனியாகப் பார்க்கக் கூடாது. நீங்கள் முந்திய இரவே பார்த்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள். படுக்கப்போகும் நேரத்தில் வேண்டவே வேண்டாம்.

சட்டமும் பத்தாம் வகுப்பும்

2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் பத்தாவது பிரிவு, 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. அதே சட்டத்தில் சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதுவும் சொல்லப்படவில்லை. உறவினர் பயமுறுத்தியதுபோல் போலீஸ் வரும் விஷயம் அல்ல இது. ஆனால் "வீட்டுவழிக் கல்விக்குச் சட்டப்படி அனுமதி இருக்கிறது" என்று நீங்கள் எழுதியிருப்பதும் சரியல்ல. அந்தச் சொல்லே சட்டத்தில் இல்லை. தெளிவில்லாத இடத்தில் நிற்கிறோம் என்று தெரிந்து நில்லுங்கள்.

மாற்றுச் சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்திருங்கள். பிள்ளைகள் படித்தவற்றைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். நாளை மனம் மாறினால், வயதுக்குரிய வகுப்பில் சேர அதே சட்டத்தின் நான்காவது பிரிவு வழி செய்கிறது. மகள் 14 வயது நிறைந்ததும் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். குறைந்தது ஒரு மொழி உட்பட ஐந்து பாடங்கள். சமூக அறிவியலை எடுத்தால், அதன் தொடக்கப் பாடங்களே பண்டைய உலகம், இடைக்கால உலகம், நவீன உலகம் என்றுதான் வரும். வீட்டில் இப்போது படிப்பது எதுவும் வீணாகாது. ஆவணங்களில் சிக்கல் எழுந்தால் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அது என் துறை அல்ல.

என் முடிவைக் கேட்டால், உங்கள் 3,500 ரூபாயில் காலவரிசைப்படி அமைந்த, பெரிய பொருளடைவு உள்ள ஒரே ஒரு ஆங்கிலக் கலைக்களஞ்சியமும், கதைக்காக நேரு அல்லது கோம்பிரிச்சும் வாங்குங்கள். நான்கு தொகுதிகள் வேண்டாம். மீதியில் ஒரு சுருள் வெள்ளைத்தாள் வாங்கிக் கூடத்துச் சுவரில் நீளவாக்கில் ஒட்டி, காலக்கோடு வரையுங்கள். நூறு ஆண்டுக்கு ஒரு சாண். படித்தவை எல்லாம் அதில் ஏறட்டும். முதலாம் உலகப்போர் வரும்போது, 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தில் குண்டு வீசியதையும் அதே சாணில் எழுதச் சொல்லுங்கள். துணிச்சல்காரரை 'எம்டன்' என்று தாத்தா சொல்வது எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளுக்கு அப்போது புரியும்.

இனி உங்கள் மகனின் கேள்விக்கு வருகிறேன். சோழர்கள் ஏன் இல்லை என்றால், எழுதியவர் விட்டுவிட்டார் என்பதுதான் நேரான பதில். அதை அப்படியே சொல்லுங்கள். பிறகு, புத்தகப் பக்கத்தின் அளவுக்கே ஒரு தாளை வெட்டிக் கொடுத்து, விடுபட்ட பக்கத்தை அவனையே எழுதச் சொல்லுங்கள். மற்ற பக்கங்களைப் போலவே ஒரு வரைபடம், ஒரு படம், ஐந்தாறு பத்திகள், ஓரத்தில் தேதிகள். 1015-இல் சோழத் தூதுக்குழு சீனாவின் சொங் அரசவையை அடைந்தது வரட்டும். 1025-இல் இராஜேந்திரனின் கப்பல்கள் தென்கிழக்கு ஆசியாவின் ஸ்ரீவிஜயத் துறைமுகங்களைத் தாக்கியது வரட்டும். "அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி" என்று தொடங்கும் மெய்க்கீர்த்தி வரிகளைத் தாத்தா படித்துப் பொருள் சொல்லட்டும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு நீங்கள் ஏன் தனியாகத் திணற வேண்டும்? அந்தத் துறைமுகங்களைப் பிடித்தபோது அங்கிருந்த மக்களுக்கு என்ன ஆயிற்று என்றும் அவன் ஒரு வரி எழுத வேண்டும். வெளிநாட்டுப் புத்தகத்திடம் நாம் கேட்கும் நியாயத்தை அவன் பக்கமும் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும் அல்லவா?

எழுதி முடித்த தாளை, பதினோராம் நூற்றாண்டுப் பக்கங்களுக்கு நடுவில் பசை தடவி ஒட்டிவிடுங்கள். ஒட்டுவதற்கு முன் ஒரு நகல் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், படிக்க ஆசையாக இருக்கிறேன்.